லுவான் வீட்டுக் கோபுரத்துக்கு ஒரு காலைப் பயணம்

பைகோ, மார்ச் 9

அண்ணா,

என் பையன் ஹாவ்யுவின் வருங்கால மாமனாரைப் பெருஞ்சுவரில் நம் வீட்டுக் கோபுரத்துக்கு அழைத்துப் போகிறேன் என்று விருந்து மேசையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன். சொன்னது சொன்னதுதான். இனி உன் கையில் இருக்கிறது.

கைப்பேசியில் நீ என்னைத் தடுத்து வைத்திருப்பதால் கூரியரில் அனுப்புகிறேன். உங்கள் ஊர்க் கடைக்காரர் கொண்டுவந்து நீட்டும்போது அப்படியே திருப்பி அனுப்பிவிடாதே. படித்துவிட்டுத் திட்டு.

நடந்தது இதுதான். பெண்ணின் அப்பா டோங், தாதோங்கில் நிலக்கரி லாரிகள் ஓட்டுகிறார். நல்ல உழைப்பாளி. என்னைப் போலவே ஒன்றுமில்லாமல் ஆரம்பித்தவர். மூன்றாவது சுற்று பைஜியு சாராயம் உள்ளே போனதும், போன வருடம் பெருஞ்சுவரில் கூட்டம் மொய்க்கும் பாதாலிங் பக்கம் போன கதையை எடுத்தார். "அங்க நான் பாத்தது மதில் இல்ல சம்பந்தி. முன்னாடி போறவன் முதுகு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. "எங்க அண்ணன்தான் ஹெய்ஷான்கோ மலையில மதில் காவல். எங்க குடும்பப் பேர்லயே அங்க ஒரு கோபுரம் இருக்கு. ஒரு சுற்றுலாக்காரன் கால் படாத இடம்" என்றேன்.

அவர் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "அப்படியா? ஏப்ரல்ல, சிங்மிங் அன்னிக்கு வரேன், ஏத்திக் காட்டுங்க. மத்த பேச்சையெல்லாம் இறங்கி வந்து வச்சுக்கலாம்."

மற்ற பேச்சு என்ன என்று உனக்குத் தெரியாது. ஹாவ்யுவை அவர் வீட்டோடு மாப்பிள்ளையாகக் கேட்கிறார். தாதோங்கில் அவர் வீட்டில் இருக்க வேண்டும், அவர் லாரிகளைப் பார்க்க வேண்டும், பிறக்கிற குழந்தைக்கு டோங் என்று குடும்பப் பெயர் வைக்க வேண்டும். "எனக்கு ஒரே பொண்ணு" என்கிறார். எனக்கு மட்டும் என்ன, வரிசையாகப் பத்துப் பையன்களா? இவன் அப்பா போன பிறகு, பைகளுக்கான ஜிப் மூட்டையோடு மூன்று சக்கர வண்டியில் இவனையும் உட்கார வைத்துச் சந்தை சந்தையாக மிதித்தவள் நான். என் பையனை நான் யாருக்கும் கொடுக்கப் போவதில்லை. ஆனால் பெண் பெய்யிங் நல்லவள். இந்த இடம் கை நழுவவும் கூடாது. நான் வாக்குத் தவறியவளாக அவர் எதிரில் உட்கார்ந்தால் எந்தப் பேரமும் பேச முடியாது. அது வியாபாரம் செய்தவனுக்குத்தான் தெரியும்.

திட்டம் ரொம்பச் சின்னது. நான்கு பேர் வருவோம்: நான், டோங், பிள்ளைகள் இருவர். விடிந்ததும் ஏறுவோம், வெயில் சுடும் முன் இறங்கிவிடுவோம். உன் வீட்டில் கஷ்கொட்டை போட்ட கோழிக் குழம்பு. சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவோம். கோழியை நானே கொண்டுவருகிறேன்.

ஒரு காலை நேரம். அவ்வளவுதான் கேட்கிறேன்.

குய்ஜென்


ஹெய்ஷான்கோ, மார்ச் 14

குய்ஜென்,

முடியாது.

அந்தப் பகுதி மூடப்பட்டது. மலையடியில் பலகை நிற்கிறது. நட்டவன் நான். இந்தக் குளிரில் கோபுரத்து வாசல் வளைவு பிளந்துவிட்டது. பிளவுக்குள் என் முஷ்டி போகிறது. அதற்கு முந்தைய சரிவில் படிகள் என்று எதுவும் மிச்சமில்லை, உதிரிக் கற்கள்தான். கால் வைத்தால் கல்லும் ஆளும் சேர்ந்து போக வேண்டியதுதான்.

முந்தைய வருடம், காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருட்டுத்தனமாக மதிலில் ஏற்றும் நியூ அத்தையின் ஏணியிலிருந்து உன்னை இறக்கினேன். வாடிக்கையாளர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டேன் என்று அன்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாய். அவர்கள் இல்லாமல் நீ தனியாக ஏறியிருந்தாலும் இறக்கியிருப்பேன். அந்த அத்தை இன்னும் திருந்தவில்லை. ஏணியைப் பிடுங்கி வந்தால் வேறு ஏணி கட்டுகிறாள். பெருஞ்சுவரைக் கட்டியதே அவள் ஏணியைச் சாய்க்கத்தான் என்று நினைப்பு.

நம் முன்னோர்கள் தெற்கிலிருந்து காவலுக்கு வந்த சிப்பாய்கள். அவர்கள் எங்கே புதைந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அதனால் அந்தக் கோபுரம்தான் நமக்குக் கல்லறை. முன்னோர் கல்லறைகளைத் துடைக்கும் சிங்மிங் அன்று கோபுரத்து வீட்டுக்காரர்கள் மட்டும் தங்கள் தங்கள் கோபுரத்து அடிவரை போய்த் துடைத்துவிட்டு வரலாம் என்று மாவட்ட அலுவலகம் விட்டிருக்கிறது. அதுவும் என் பொறுப்பில். நான் துடைப்பத்தோடும் வேகவைத்த முட்டையோடும் போவேன், வருவேன்.

கல்லறைக்கு யாரும் விருந்தாளி கூட்டிக்கொண்டு வருவதில்லை. நீ விற்பதற்கு இது பை இல்லை.

பையனுக்கு நல்லது நடக்கட்டும்.

தேமாவ்


பைகோ, மார்ச் 18

அண்ணா,

நான் கேட்காததையும் நீயே எழுதிவிட்டாய், நன்றி. கோபுரத்து வீட்டுக்காரர்கள் போகலாம், அப்படித்தானே? நாங்கள் விருந்தாளியாக வரவில்லை. வீட்டுக்காரர்களாக வருகிறோம். நான் லுவான் வீட்டில் பிறந்தவள். ஹாவ்யு என் வயிற்றில் பிறந்தவன். பெய்யிங் அவனுக்கு வரப்போகிறவள். டோங் சம்பந்தி. ஒரு துடைப்பத்துக்கு நான்கு பேர் அதிகம்தான், ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது.

யோசித்துப் பார்க்கப் பார்க்க இது நான் முதலில் போட்ட திட்டத்தைவிட நன்றாக இருக்கிறது. டோங் என்ன சொன்னார்? முதலில் மதில், பிறகு பேச்சு. இப்போது நான் அதைத் திருப்பிப் போடுகிறேன்: "சம்பந்தி, அந்தக் கோபுரத்துக்குச் சொந்தக்காரர்தான் ஏற முடியும். அதனால முதல்ல பேச்ச முடிச்சுச் சொந்தமாகிடுவோம், அப்புறம் ஏறுவோம்." ஏற ஆசைப்படுகிறவர் அவர். அவசரமும் அவருக்குத்தான். அவசரப்படுகிறவன்தான் விலையில் இறங்கி வருவான்.

உன் முகம் சுளிப்பது இங்கே தெரிகிறது. முன்னோரை வைத்துப் பேரம் பேசுகிறாள் என்பாய். ஆமாம், பேசுகிறேன். தங்கள் வம்சத்துப் பையன் தாதோங்கில் லாரிப் புகையில் கரையாமல் இருக்கட்டும் என்று அவர்களும்தான் நினைப்பார்கள்.

வளைவுக்குள் போக மாட்டோம். அடியில் நிற்போம். சரி என்று ஒரு வரி எழுது. போன கடிதத்தைப் போல "முடியாது" என்று ஒற்றைச் சொல்லில் ஆரம்பிக்காதே.

குய்ஜென்


ஹெய்ஷான்கோ, மார்ச் 22

குய்ஜென்,

நேற்று உன் சம்பந்தி இங்கே வந்துவிட்டார்.

தனியாக வந்தார். நான் வடக்குச் சரிவில் இருந்தேன். என் வீட்டு வாசலில் இரண்டு பெட்டி சிகரெட்டும் ஒரு ஜாடி அவர் ஊர் முதிர்ந்த வினிகரும் வைத்துவிட்டு, என்னைத் தேடுவதாகச் சொல்லி மலைப்பக்கம் போயிருக்கிறார். தேடியது என்னை இல்லை. நியூ அத்தையின் ஏணியை.

கூச்சல் கேட்டு நான் போய்ச் சேர்ந்தபோது மனிதர் மதில் சரிவில் பாதி உயரத்தில் ஒரு காட்டுப் புதரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தோல் காலணி. காலடியில் கற்கள் சரிந்து போயிருந்தன. ஏணியும் அவற்றோடு போய்ப் பள்ளத்தில் கிடந்தது. கீழே நின்றுகொண்டு அத்தை, "ஏறறதுக்கு மட்டும்தான் காசு வாங்கினேன், இறங்கறது தனிக் கணக்கு!" என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"காவல்காரரே, கயிறு இருக்கா?" என்றார்.

"இருக்கு. கீழ பலகையும் இருந்துச்சே, படிக்கலையா?"

"படிச்சேன். அது மத்தவங்களுக்குன்னு நெனச்சேன்."

"கல்லுக்கு அது தெரியாதே. அசையாதீங்க. பேசாதீங்க. மூச்சு மட்டும் விடுங்க."

இடுப்பில் கயிறு கட்டி இறக்கினேன். பாதியில் இன்னொரு கல் உருண்டது. அவர் தலைக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை. என் கை இன்னும் எரிகிறது.

சமையலறையில் உட்கார வைத்து வெந்நீர் கொடுத்தேன். "இது உங்க தங்கச்சிக்குத் தெரிய வேணாம்ண்ணே" என்றார். நான் இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினேன். கொஞ்சம் தெளிந்ததும் அவராகவே ஆரம்பித்தார்.

"பையன் எங்க வீட்டுக்கு வந்துடறேன்னு சொல்லிட்டாண்ணே. புத்தாண்டு கழிஞ்ச உடனேயே சொல்லிட்டான். அம்மாகிட்ட சொல்லத்தான் பயப்படறான். மதிலப் பாத்துட்டு எறங்கி வர்றப்போ, அந்தம்மா சந்தோஷமா இருக்கற நேரம் பாத்து, நானே பக்குவமா சொல்லிடலாம்னு இருந்தேன். இடம் எப்படி இருக்குன்னு முன்னாடியே ஒரு தடவ பாத்துக்கலாம்னுதான் வந்தேன்."

மாட்டிக்கொண்டதைச் சொல்லாதே என்றுதான் கேட்டார், இதைச் சொல்லாதே என்று கேட்கவில்லை. நான் இரண்டையும் எழுதிவிட்டேன். நீ என் தங்கை.

சிகரெட்டையும் வினிகரையும் அவர் காரிலேயே திரும்ப வைத்துவிட்டேன்.

உன் கடிதத்துக்குப் பதில்: திருமணமாகிப் போன பெண் பிறந்த வீட்டுக் கோபுரத்தைத் துடைக்கும் வழக்கம் இந்த மலையில் எந்த வீட்டிலும் இல்லை. அது உனக்குத் தெரியும். உன் வழியாகத்தானே மற்ற மூவரும் வருகிறார்கள்? நீயே வர முடியாதபோது அவர்கள் எங்கே வருவது?

தேமாவ்


பைகோ, மார்ச் 25

அண்ணா,

பையனிடம் கேட்டுவிட்டேன். உண்மைதான்.

கடையை மூடிவிட்டு, ஷட்டரை உள்பக்கம் இறக்கிவிட்டுக் கேட்டேன். "எப்போ சொல்றதா இருந்தே?" "நீ கோவமா இல்லாத நாள்ல." "அப்படி ஒரு நாள் வராதுன்னு தெரியாதா உனக்கு?" "தெரியும். அதான் சொல்லல." கையில் ஒரு தோள்பை இருந்தது. அதை அவன் மேல் எறிந்தேன். அவன் பிடித்து, ஜிப்பை மூடி, அலமாரியில் அதன் இடத்தில் வைத்தான். வளர்ப்பு அப்படி.

பிறகுதான் வாயைத் திறந்தான். "இங்க இருந்தா நான் உன் பையன். அங்க போனா அவர் மாப்பிள்ள. ரெண்டு எடத்துலயும் நான்னு ஒருத்தன் கெடையாதும்மா. அவர் கேட்டாரு, நீ கேக்கல. அதனால அவருக்குச் சரின்னேன்." நான் இவனிடம் கேட்டிருக்க வேண்டுமாம். தன் கையைத் தன்னிடம் கேட்டுவிட்டா ஒருத்தி அசைக்கிறாள்? ஆனால் அண்ணா, அன்று ராத்திரி முழுக்க அந்த வார்த்தையை விலை மதிப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பழுது எங்கேயும் தெரியவில்லை.

சரி, காரியத்துக்கு வருகிறேன்.

டோங் புதரைக் கட்டிக்கொண்டு ஆடு மாதிரிக் கத்தியதை நான் பைகோ சந்தையில் சொன்னால் ஒரு வாரத்துக்குச் சிரிப்பார்கள். சொல்லப் போவதில்லை. அவமானப்பட்ட மனிதன் அந்தப் பக்கமே திரும்ப மாட்டான், பேரத்துக்கும் வர மாட்டான். எனக்கு அவர் பேரத்துக்கு வர வேண்டும். அதனால் உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. நியூ அத்தை வாயை மட்டும் நீ பார்த்துக்கொள். அவளுக்கு ஒரு நல்ல சுருக்குப் பை அனுப்பியிருக்கிறேன், சிவப்பு. காசை இவ்வளவு நாளும் இடுப்பில் முடிந்து வைத்திருக்கிறாள் அல்லவா, அதற்கு.

உன்னிடம் இரண்டு கேட்கிறேன்.

ஒன்று, சிங்மிங்குக்கு டோங்கை நீயே கூப்பிடு. நான் கூப்பிட்டால் வர மாட்டார், நீ என்னிடம் சொல்லியிருப்பாயோ என்ற பயம் இருக்கும். நீ கூப்பிட்டால், சொல்லவில்லை என்று நினைப்பார்.

இரண்டாவது எனக்காக. வழக்கம் இல்லை என்கிறாய். உனக்குக் கல்யாணம் இல்லை, பிள்ளை இல்லை. உன் முழங்கால் இறங்கும்போது சொடுக்குப் போடுவதை ஏணியில் நின்றே கேட்டேன். நாளைக்கு உன்னால் ஏற முடியாத வருடம் வரும். அப்போது அந்தக் கோபுரத்தை யார் துடைப்பார்கள்? மாவட்ட அலுவலகமா? வழக்கத்தைக் காப்பாற்ற ஆள் வேண்டாமா? நான் ஒருத்திதான் மிச்சம்.

கெஞ்சுகிறேன் என்று நினைக்காதே. கேட்கிறேன்.

குய்ஜென்


ஹெய்ஷான்கோ, மார்ச் 30

குய்ஜென்,

உன் கடிதத்தை இரண்டு நாள் அடுப்பு மேட்டில் வைத்திருந்தேன். பிறகு மற்ற கோபுரத்து வீடுகளில் போய்க் கேட்டேன். மூன்று வீட்டில் கூடாது என்றார்கள். ஜி வீட்டுப் பெரியவர் மட்டும், "என் மகன்கள் ஷென்ஷென்ல. மூணு வருஷமா என் கோபுரத்துல பறவை எச்சம். பொண்ணு வந்து தொடச்சா நான் வேணாம்னா சொல்வேன்? வரத்தான் ஆளில்ல" என்றார். அவர் சொன்னதை எடுத்துக்கொண்டேன். மூன்று வீடும் என்னோடு பேசுவதில்லை இப்போது. பரவாயில்லை, முன்பும் அதிகம் பேசியதில்லை.

மாவட்ட அலுவலகத்தில் நான்கு பெயரையும் சொல்லிவிட்டேன். குடும்பம் என்று சொன்னேன். பொய் சொன்னவனாக என்னை ஆக்கிவிடாதே.

டோங்கைக் கூப்பிட்டேன். வருகிறேன் என்றார். பிறகு, "என்ன காலணி போட்டுக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

கேட்டுக்கொள். நான் முன்னால் போவேன். நான் வைத்த இடத்தில்தான் அடுத்தவர் கால் வைக்க வேண்டும். ஒருவர் அசையும்போது மற்றவர்கள் நிற்க வேண்டும். வளைவுக்குக் கீழே தலை போகக் கூடாது. முந்தைய நாள் மழை பெய்தால் ஒருவரும் ஏற வேண்டாம். வாசலில் முட்டையைத் தின்றுவிட்டுத் திரும்பிப் போங்கள். யாருக்காவது கால் வழுக்கினால் என் வேலை போகும். அது போனால் போகட்டும். ஆள் போனால் அதே இடத்தை நான் தினமும் கடந்து நடக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொண்டு ஏறு.

மலையில் ஒரு வார்த்தை பேரம் பேசக் கூடாது. கீழே இறங்கிய பிறகு என்ன வேண்டுமானாலும் விற்று வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வருடம் துடைப்பம் உன்னிடம். சுத்தமாகத் துடை.

தேமாவ்


பைகோ, ஏப்ரல் 8

அண்ணா,

சிங்மிங் அன்று மலையில் நடந்தது உனக்குத் தெரியும். கீழே நடந்ததை எழுதுகிறேன். நீ சாட்சி, எனவே உன்னிடம் எழுத்தில் இருக்கட்டும்.

முதலில் ஒன்று. அந்த உதிரிக் கல் சரிவில் ஹாவ்யுவின் கால் ஒருமுறை இழுத்துக்கொண்டு போனதே, நீ திரும்பிப் பார்க்கும் முன்னால் அவன் இடுப்பு வாரைப் பிடித்தது யார் தெரியுமா? டோங். பிடித்த கை விடவே இல்லை. மேலே போய்ச் சேரும்வரை இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டே வந்தார். எனக்கு நன்றி என்று சொல்லவும் வரவில்லை, கையை எடு என்று சொல்லவும் வரவில்லை.

அவர் வாசல் வளைவுக்குள் எட்டிப் பார்க்கப் போனபோது நீ வாய் திறக்காமல் கையை மட்டும் குறுக்கே நீட்டினாய். குழந்தை மாதிரிப் பின்வாங்கினார். நான் துடைத்து முடிக்கும்வரை ஓரத்தில் கை கட்டி நின்றார். படம் எடுக்கவில்லை. பிறகு, "இங்க நின்னவங்களுக்குக் குளுருமே" என்றார், வேறு யாரிடமோ சொல்வது போல. அவ்வளவுதான்.

கோழிக் குழம்புக்குப் பிறகு நீ பாத்திரம் கழுவப் போனாய். பிள்ளைகள் கஷ்கொட்டைத் தோப்புப் பக்கம் போனார்கள். அவர் காரின் முன் இருக்கையில், நான் அவர் பக்கத்தில்.

அவர் கண்ணாடியை ஏற்றினார். பிறகு அவர், "உங்களுக்குத் தெரியும், இல்ல?" என்றார்.

"எது?"

"எதுன்னு கேக்கறீங்க பாருங்க. அதுலயே தெரியுது." சிரித்தார். "காலையிலேர்ந்து பாத்துக்கிட்டே இருக்கேன். அண்ணன் சொல்வாரா, நீங்க சொல்வீங்களா, அந்த ஏணிக் கெழவி சொல்வாளான்னு. ஒருத்தரும் வாயத் தொறக்கல. எங்க ஊர்ல இந்நேரம் லாரிக்குப் பின்னாடி எழுதி வச்சிருப்பானுங்க."

"ஏறினவங்க எறங்கித்தான ஆகணும் சம்பந்தி. அதுல சொல்ல என்ன இருக்கு?"

அவர் ஸ்டியரிங்கைத் தட்டிக்கொண்டே இருந்தார். "பையன் சொன்னதையும் அண்ணன் சொல்லிட்டாரா?"

"சொன்னாரு. பையனையும் கேட்டேன்."

"அப்போ கோவமா இருப்பீங்க."

"இருக்கேன். ஆனா உங்க மேல இல்ல. நீங்க அவன்கிட்ட கேட்டீங்க. நான் கேக்கல." இதைச் சொல்லும்போது நான் பேரம் பேசவில்லை அண்ணா. சொன்ன பிறகுதான் இதைவிட நல்ல பேரம் நான் பேசியதில்லை என்று தெரிந்தது. அவர் தட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அப்ப இப்போ கேப்போம்" என்று கண்ணாடியை இறக்கி, "டேய் ஹாவ்யு! பெய்யிங்! ரெண்டு பேரும் வாங்க" என்று கத்தினார். அந்தக் கத்தலில்தான் நீ ஈரக் கையோடு வெளியே வந்தாய். நாங்கள் சண்டை போடுகிறோம் என்று நினைத்திருப்பாய்.

இருவரும் காரின் வெளியே நின்றுகொண்டு, மாற்றி மாற்றிச் சொன்னார்கள். பெய்யிங்தான் தெளிவாகச் சொன்னாள்: "எங்களுக்கு ரெண்டு பேர் வீடும் வேணாம்ப்பா. தனி வீடு வேணும். லாரி வேலைக்கு வர்றோம். ஆனா சாயங்காலம் எங்க கதவ நாங்க சாத்திக்கணும்." டோங்கின் முகம் சுருங்கியது. என் முகமும் சுருங்கியிருக்கும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இரண்டு பேருக்கும் நஷ்டம் என்றால் அந்த விலை சரியான விலையாகத்தான் இருக்கும்.

என் கடைக்கு இனி ஆள் தேட வேண்டும். கடையின் மேல் மாடியில் அவன் அறை அப்படியே இருக்கிறது. சரக்கு வைக்கலாம் என்கிறார்கள். வைக்கவில்லை.

முடிந்த பேச்சு இது. ஹாவ்யு தாதோங்கில் இருப்பான், ஆனால் வீட்டோடு மாப்பிள்ளையாக இல்லை. வீடு அவர்கள் இருவர் பெயரில், பணத்தில் பாதி நான், பாதி டோங். நான் பெண் வீட்டுக்குக் கொடுக்கும் பரிசப் பணம் எண்பத்தெட்டாயிரம் யுவான். அதை அவள் தன் கையோடு புது வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவாள். முதல் குழந்தைக்கு ஹாவ்யுவுடைய அப்பாவின் குடும்பப் பெயர், இரண்டாவதற்கு டோங் பெயர். புத்தாண்டுக்கு முந்திய இரவுச் சாப்பாடு ஒரு வருடம் தாதோங்கில், ஒரு வருடம் பைகோவில். முதல் வருடம் பைகோவில்.

குய்ஜென்